வினாடி வினாவுக்கு வந்த ஒரே அழைப்பு

சிட்னியில் எங்கள் தமிழ்த் தொலைக்காட்சியில் நான் நடத்திய வினாடி வினாவுக்கு, பொய் சொல்லக் கூடாது, ஒரு காலத்தில் தூரத்துப் புறநகரான பிளாக்டவுனிலிருந்துகூட அழைப்புகள் குவிந்தன. எல்லாப் பதிலும் கைப்பேசியிலேயே கிடைக்கத் தொடங்கியதும் அவை வற்றிப்போயின.

"அண்ணை, இண்டைக்கும் ஒருத்தரும் எடுக்காட்டி நிப்பாட்டுவம்" என்றார் தயாரிப்பாளர்.

நேரலையில் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு நிமிடம் போயிற்று. அப்போது தொலைபேசி மணி அடித்தது; வயதான ஓர் அம்மாவின் "ஹலோ" கேட்டது.

"வணக்கம் அன்ரி, பதிலைச் சொல்லுங்கோ!"

"பதில் தெரியாது தம்பி. நீர் தனிய முழிச்சுக்கொண்டு நிக்கிறதைப் பாக்க ஏலாமல் எடுத்தனான். சாப்பிட்டனீரோ?"

காதில் மாட்டியிருந்த கருவியில் தயாரிப்பாளரின் குரல் மெல்லக் கேட்டது: "அன்ரி செத்தவீட்டுக்கு வந்த மாதிரியெல்லோ கதைக்கிறா. இதோட முடிப்பம், அண்ணை."

"ஓம் அன்ரி, சாப்பிட்டனான்" என்று சொல்லி, நிகழ்ச்சியை முடித்துவைத்தேன்.