ஏற்றத்தில் அறுந்த இணைப்பு

"மாசி மாதம், வெள்ளிக்கிழமை. காலை 10.52க்கு இணைப்பு போனது. 12.05க்கு வந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு. காரணம் தெரியவில்லை."

இது நீல மையில் என் கையெழுத்து. அதன் ஓரத்தில், பச்சை மையில், வேறொரு கை ஒரே ஒரு சொல்லை எழுதியிருக்கிறது: "ஏற்றம்."

அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் தேதியும் ஆண்டும் இருந்தன. மூலையை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது. நினைவிலிருந்து தேதி எழுதுவதில்லை என்று எனக்கொரு பிடிவாதம் உண்டு. எனவே இங்கே கிழமையையும் மணியையும் மட்டும் தருகிறேன். அவை நோட்டில் இருக்கின்றன.

பழவேற்காட்டில் ஏரிக்கரையை ஒட்டிய மீனவர் சங்க அலுவலகத்தில் அப்போது நான் கணினி வேலை பார்த்தேன். மீஞ்சூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். சங்கத்தின் செயலாளர் பசியாவரம் தீவிலிருந்து படகில் வருவார். என்னைவிட மூன்று வயது இளையவர். கரை முழுவதும் அவரை அக்கா என்று அழைத்ததால் எனக்கும் அக்காவானார். ஈரப் பாவாடையின் ஓரத்தைப் பிழிந்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

அந்த மாசியில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தீவு மக்களின் அடையாள அட்டைப் பதிவை, கைரேகையுடன், பங்குனி முடிவதற்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். முடியாவிட்டால், இணைப்பு சீராக உள்ள திருப்பாலைவனத்துக்கு அலுவலகமே மாற்றப்படும். வெளியூர்க்காரனான எனக்கு அது பஸ்ஸில் சில நிறுத்தங்கள் முன்னால் இறங்குவது, அவ்வளவுதான். அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்போ பாடு போவும்," என்றார். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை அங்கே சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு கையெழுத்துக்காகப் படகேறி, பஸ்ஸேறி ஒரு நாளைத் தொலைப்பவர் தன் பாட்டை இழப்பார். அது திரும்பச் சுற்றி வரும்வரை வீட்டில் உலை வைப்பது கஷ்டம். கரையோரத்து அலுவலகம் என்றால், மீனை இறக்கிப் போட்டுவிட்டு ஈரக் கையோடு வந்து ரேகை வைத்துவிட்டுப் போகலாம்.

இணைப்பு அறுந்து அறுந்து போவதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பாயிற்று. எந்த நிமிடம் போகிறது, எந்த நிமிடம் வருகிறது என்று நோட்டுப் போட்டேன். மோடத்தை அணைத்து மறுபடி போட்டேன். சுவரோரத்து ஒயரை மாற்றினேன். மாற்றிய பிறகு ஐந்து நாள் இணைப்பு அசையவே இல்லை. "பழுது தீர்ந்தது" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆறாம் நாள் மறுபடி சிவப்பு விளக்கு.

அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. படகுகள் கரைக்கு வரும் நேரத்தில்தான் இணைப்பு போகிறது. வந்தவர்கள் அலுவலகச் சுவரில் சாய்ந்து கைப்பேசியைத் திறப்பார்கள். காற்று நிலவரம் பார்க்கட்டும் என்று வைஃபை கடவுச்சொல்லை அக்காவே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். நான் அதை மாற்றினேன். "அலுவலக இணையத்தைப் பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்று கொட்டை எழுத்தில் கதவில் ஒட்டினேன்.

மறுநாள் அக்கா அந்தத் தாளைக் கையில் கிழித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"இன்னா சார் இது? எங்க ஜனந்தான் நெட்ட திங்குதுன்னு ஊருக்கே எழுதி ஒட்டிகிறீங்கோ?"

"படகு வந்தா நெட்டு போகுதுக்கா. நோட்டுல தெளிவா இருக்கு."

"மீனு வந்தாதான் கொக்கும் வருது. கொக்குதான் மீனை இட்டாருதுன்னு நோட்டுல எழுதுவீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. நோட்டை மூடி மேசைக்குள் வைத்தேன். அந்த வாரம் இருவரும் வேலை விஷயம் தவிர வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை. சுவரில் சாய்ந்து நிற்பவர்களும் சற்றுத் தள்ளி, புங்க மரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

பிறகு பசியாவரத்தில் ஒரு பெரியவர் இறந்தார். சாவு விழுந்த நாளில் யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பது ஊர்க் கட்டு. அன்று அக்கா வரவில்லை. கரைக்கு ஒரு படகும் வரவில்லை. மறுநாள் வந்ததும் என் எதிரில் நின்று கேட்டார்.

"நேத்து நெட்டு இருந்துச்சா?"

"போச்சு. பத்து அம்பத்திரண்டுக்கு."

"கரையில எத்தினி படகு?"

நான் மேசையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

"எத்தினி ஆளு சார், உங்க நெட்ட தின்னது?"

"ஒருத்தரும் இல்ல."

"அந்த நோட்ட இப்டி குடுங்க."

நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தார். சங்கத் தீர்மானங்களில் கையெழுத்திட வைத்திருந்த பச்சைப் பேனாவை எடுத்தார். முந்தைய நாளின் வரியோரத்தில் அந்தச் சொல்லை எழுதினார்.

"நீங்க மணிய எழுதிகினு இருக்கீங்கோ. இது மணிக்கு வர்றது இல்ல. இன்னிக்கு வந்ததுக்கு நாளைக்கு முக்கா மணி தள்ளி வரும். முகத்துவாரத்துல தண்ணி ஏறுறது சார் இது. ஏறுற தண்ணியிலதான் படகும் உள்ள வரும். எங்க ஊட்டு கொயந்தைய கேட்டாலும் சொல்லும்."

"அப்போ ஒயர் மாத்தினதும் அஞ்சு நாள் நல்லா இருந்ததே?"

"அது அரை நிலா. தண்ணி ஜாஸ்தி ஏறாத வாரம். ஒயரு இன்னா செய்யும், பாவம்."

நோட்டைத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு படி தள்ளித் தள்ளி, சாய்வாக இறங்கிய நேரங்கள். நானே எழுதியவை. இத்தனை புத்தகம் படித்தவன், கடல் நிலவைப் பார்த்து ஏறுகிறது என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியவன், ஏரி ஜன்னலுக்கு வெளியே இருந்தும் அதைப் பார்க்கவில்லை. கதவில் ஒட்டிய தாள் நினைவுக்கு வந்தது. மதியம் புங்க மரத்தடிக்குப் போய் புதிய கடவுச்சொல்லை நானே சொன்னேன். ஒருவர், "நடவடிக்கை இன்னா ஆச்சு சார்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து அலுவலகச் சுவரிலிருந்து தொலைபேசி ஒயர் போகும் வழியைத் தொடர்ந்து நடந்தோம். மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னால், மூடி உடைந்த ஒரு சிமெண்ட் குழி. உள்ளே ஒயர்களை இணைத்த பெட்டி. அன்று ஒண்ணேகாலுக்கு வரும் என்று அக்கா சொல்லியிருந்தார். ஒன்று பத்துக்குக் குழியின் அடியில் சாக்கடைக் குழாய் வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் கொப்பளித்தது. அதை எட்டிப் பார்த்தபோதுதான் நோட்டுக் கைதவறி உள்ளே விழுந்தது. எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். 1.17. சிவப்பு விளக்கு.

இதைத் தொலைபேசித் துறை லைன்மேனிடம் நிரூபிக்க வேண்டும். புகார் கொடுக்கும்போதெல்லாம் அவர் முதல் பஸ்ஸில் வருவார். ஒன்பது மணிக்குச் சோதிப்பார். பெரிய ஏற்றம் வரும் வாரங்களில் அது தண்ணீர் இறங்கியிருக்கும் நேரம். "லைன் கிளியர்" என்று எழுதிவிட்டுப் போவார். அவர் பஸ்ஸேறிய பிறகுதான் தண்ணீர் ஏறும். பௌர்ணமியன்று அவரை வரவழைத்த அக்கா திரும்பிப் போக விடவில்லை.

"நைனா, ஒரு டீ."

"குட்ச்சாச்சும்மா. வேற கம்ப்ளெயிண்ட் கீது."

"எறா வறுத்து எடுத்தாந்துகிறேன். சோறும் கீது."

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ மரியாதை?"

"தண்ணி வரட்டும் நைனா. அதுவே உங்களாண்ட பேசும்."

வந்தது. அவர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக் குழியருகே குந்தினார். சோதனைக் கருவியை மாட்டினார். பிறகு, "இத்த எத்தினி வாட்டி கிளியர்னு எழுதிகிறேன்," என்றார்.

புதிய பெட்டிக்கு எழுதிப் போட்டால் வர மாதங்களாகும் என்றார். பங்குனி பிறந்துவிட்டிருந்தது. அக்கா காத்திருக்கவில்லை. இரண்டே நாளில் கொட்டகையோரம் ஒரு பனங்கட்டையை நட்டார்கள். லைன்மேன் ஒயரை நீட்டி, இடுப்புக்கு மேலே பெட்டியைக் கட்டினார். ஃபைபர் படகுகளின் ஓட்டையை அடைக்கும் பிசினை ஒரு படகு மேஸ்திரி குழைத்து, பெட்டியைச் சுற்றிப் பூசினார். அந்த நெடி தொண்டையைப் பிடித்தது.

"இனிமே இத்த பிரிக்கவே முடியாதேம்மா," என்றார் லைன்மேன்.

"ஓட்டைய அடைக்கிறது பிரிக்கவா நைனா?"

பங்குனி கடைசி வாரத்தில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து அரைநாள் உட்கார்ந்தார். பசியாவரத்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். சேற்றில் தடவி இறால் பிடித்துத் தேய்ந்த விரல்களை இயந்திரம் மூன்றாம், நான்காம் முறைதான் ஏற்றுக்கொள்ளும். முன்பெல்லாம் அதற்குள் இணைப்பு போய்விடும். அன்று போகவில்லை. கடைசிப் பெண்ணின் ரேகை பதிவானதும் அக்கா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அலுவலகம் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்றும் இருக்கிறது.

ஆனால் நோட்டு இன்னொன்றையும் சொல்கிறது. பெட்டியைத் தூக்கிக் கட்டிய பின் வந்தது அரை நிலா வாரம். அதற்கடுத்த அமாவாசைக்குள் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. ஏரியில் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. அதிகாரி வந்த நாளில் தண்ணீர் குளம்போல் நின்றது. மழைக்காலத்தில் முகத்துவாரம் திறப்பதற்குள் கம்பங்களின் மேல் புதிய ஃபைபர் கேபிள் வந்து, பழைய ஒயரே தேவையற்றதாகிவிட்டது.

சென்ற வாரம் அக்காவிடம் கைப்பேசியில் இதைச் சொன்னேன். இப்போதும் அவர்தான் செயலாளர். பேச்சு ஒரு முறைகூட அறுபடவில்லை. "ஆபீசு இங்கதான கீது? இன்னும் இன்னாத்த எழுதிகினு இருக்கீங்கோ?" என்றார். பனங்கட்டை அங்கேயே நிற்கிறதாம், அதில் வலை காயப்போடுகிறார்களாம்.

வெள்ளிக்கிழமையின் வரியில், "காரணம் தெரியவில்லை" என்பதை நான் அடிக்கவில்லை. பச்சை மை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும் இன்று ஒரு வரி சேர்த்தேன்: பிசின் பூசிய பெட்டி ஒரு பெரிய ஏற்றத்தைத் தாங்கியிருக்குமா என்பது சரிபார்க்கப்படவில்லை.