மேளத்துக்குப் பின்னால் வந்த சிவப்பு கார்

சிங்காநல்லூரில் குமாரசாமி வீடு எது என்று கேட்டால் தெரியாது என்பார்கள். மில் ஃபிட்டர், கூரையில்லாத கார் வைத்திருப்பவர் என்றால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள்.

வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர் உட்காரலாம். மேலே மடக்குக் கேன்வாஸ். கோழி அடைந்து கிடந்ததைப் பழைய இரும்பாக வாங்கி வந்து, மாடு விற்றபின் காலியாக இருந்த கட்டுத்தரையில் நிறுத்தி, ஞாயிறு ஞாயிறாக உயிர் கொடுத்தார். கிடைக்காத சாமான்களை லேத்தில் கடைந்துகொண்டார். கேன்வாஸைக் கோட்டைமேட்டு யாகூப் பாய் தைத்துக் கொடுத்தார்.

அத்தனை ஞாயிறும் கூடவே நின்று விளக்குப் பிடித்தவர் வெங்கடபதி. அதே மில்தான். முதன்முதலாக இன்ஜின் உறுமியபோது குமாரசாமியைக் கட்டிக்கொண்டு அழுதவரும் அவர்தான்.

தொண்ணூற்றாறு தை மாதம் வெங்கடபதி மகளுக்கு அவிநாசியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார்தான் வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் ஒரே பிடிவாதம். வெங்கடபதி வந்து கேட்டார். குமாரசாமி பதமாகத்தான் சொன்னார். இந்த வண்டிக்கு ஓடினால்தான் காற்று. மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தால் கொதித்துவிடும். இன்ஜின் பிளாக் போனால் மாற்று எங்கேயும் கிடையாது. வேறு எது கேட்டாலும் செய்கிறேன் என்றார்.

"அதுவுஞ் சரிதானுங்ணா. மண்டபத்துல பந்திய நீங்க பாத்துக்குங்க, அது போதும்."

பந்தியையே நம்பி ஒப்படைக்கிறான் என்று குமாரசாமிக்குப் பெருமை. மத்தியானமே பஸ் ஏறி மண்டபத்துக்குப் போய்விட்டார். மனைவி ராசாத்தாள் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. கார் சாவி அரிசி டின்னுக்குள் இருப்பது அவரைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

விளக்கு வைக்கும் நேரம். ரசத்துக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தவர் காதில் மேளத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் விழுந்தது. கையில் கரண்டியோடு வெளியே வந்தார். பூச்சரம் சுற்றி, மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு, ஆமை மாதிரி ஊர்ந்து வந்தது அவருடைய கார். முன்னால் வெள்ளையாக ஆவி. வண்டி தானாகவே நின்றது.

யாரோ குடத்தோடு ஓடினார்கள். சூட்டில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. குமாரசாமி பாய்ந்தார். வெங்கடபதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தியூட்டுல பாக்கறாங்ணா. செத்த சிரிச்சாப்பல நில்லுங்க."

அதற்குள் ஊற்றிவிட்டார்கள். டக்கென்று ஒரு சத்தம். அத்தனை மேளத்திலும் அது என்னவென்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ராசாத்தாள் பின்னால் வந்து நின்றாள். "நாந்தானுங்க சாவியக் குடுத்தேன். பொண்ணு காரியம், எப்புடீங்க இல்லீங்கறது?"

குமாரசாமி கரண்டியோடு திரும்பினார். உள்ளே போய்ப் பந்தியைக் கவனித்தார். கடைசிப் பந்தியில் வெங்கடபதி இலைக்கும் அவரே பரிமாறினார், முகத்தைத்தான் பார்க்கவில்லை.

காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜின் பிளாக் ஓரத்திலிருந்து ஓரம் வரை விரிசல் விட்டிருந்தது. அடுத்த ஞாயிறு வெங்கடபதி விளக்கோடு வந்தார்.

"ரெண்டு பேருஞ் சேந்து சரி பண்ணிப்போடலாமுங்ணா."

"காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார் குமாரசாமி. இத்தனை வருஷத்தில் வெங்கடபதியை அவர் 'வா, போ' என்று தவிர அழைத்ததில்லை.

வெங்கடபதி போனபின் கார் சாவியை எடுத்து நடைக் கதவோரம் ஆணியில் மாட்டினார். ஓடாத வண்டிச் சாவியை ஏன் இங்கே மாட்டுகிறீர்கள் என்று ராசாத்தாள் கேட்டாள்.

"தேடறவங்களுக்கு இனி எதுக்கம்மணி செரமம்?"