அரிசிமலை மணல்

ஒரு வீட்டுக்காரரின் குணத்தை, அவர்கள் திருப்பி அனுப்பும் பாத்திரத்தை வைத்துத்தான் அம்மா அளப்பார். நாங்கள் கறியோ பலகாரமோ கொடுத்துவிட்டால், அந்தப் பாத்திரம் என்றைக்காவது ஒருநாள் எதையாவது சுமந்துகொண்டுதான் வீடு திரும்பவேண்டும். ஒரு பிடி முருங்கையிலை போதும், நாலு பச்சை மிளகாய் போதும், ஒன்றும் கிடைக்காவிட்டால் கொஞ்சம் சீனி. வெறும் பாத்திரம் வந்தால் அம்மா அதை வாங்கி, உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டு, குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவார். அதன்பிறகு அந்த வீட்டுக்கு எங்கள் வடை வாசனைகூடப் போகாது. திருகோணமலை ரவுணில் எங்கள் ஒழுங்கைக்குள் இப்படித் தள்ளிவைக்கப்பட்ட வீடுகள் சில இருந்தன. தாங்கள் தள்ளிவைக்கப்பட்டது அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

பின் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த என் தோழியின் வீடு அம்மாவின் சோதனையில் எப்போதும் முதலாம் பிள்ளை. அவர்கள் சண்டையில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். அவளுடைய அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரது சொந்த மீன்பிடி வள்ளம் சம்பூரோடு போயிற்று. ரவுணுக்கு வந்தபின் பட்டணத்து ஆட்களின் வள்ளத்தில் தொழிலுக்குப் போய்வந்தார். எங்களுடைய மூடி போட்ட சில்வர் சட்டி ஒன்று இரண்டு வீட்டுக்கும் பொதுப் பிள்ளைபோல நடந்து திரிந்தது. இங்கிருந்து வடையோடு போனால் அங்கிருந்து சூடை மீனோடு வரும். யார் வீட்டில் சட்டி நிற்கிறதோ அவர்கள் அடுத்ததாக எதையாவது சமைக்கவேண்டும் என்பது எழுதாத சட்டம்.

ஆனால் அந்த வருடம் தோழியின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். வாசலில் நின்றே கதையை முடித்துவிட்டுப் போவார். தான் என்ன பிழை விட்டாரோ என்று அம்மா உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தார்.

எங்கள் இருவருக்கும் அப்போது பத்து வயது. ஓகஸ்ட் விடுமுறைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா யாரிடமோ ஓட்டோ ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, வடக்குப் பக்கத்துக் கரையெல்லாம் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி எங்களைக் கூட்டிப்போனார். அம்மா புட்டும் பொரித்த மீனும் சம்பலும் அந்தச் சில்வர் சட்டிக்குள் அடைத்துத் தந்தார். மனக்குறை ஒரு பக்கம் இருந்தாலும், பிள்ளைகள் பசியோடு போவதை அம்மா பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்.

நிலாவெளி தாண்டியதுமே கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. மேற்கிலிருந்து அடிக்கிற அந்த வெக்கைக் காற்று ஓட்டோவைக் கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தது. குச்சவெளியில் கரும்பாறைகள் கடலுக்குள் இறங்கிக் கிடக்கிற இடத்தில் மாமா ஓட்டோவை நிறுத்தினார். நாங்கள் பாறைக்குப் பாறை தாவினோம். கண்ணுக்குள்ளும் வாய்க்குள்ளும் மணல். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காததால் இருவரும் கத்திக் கத்திச் சிரித்தோம். மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் தடவித் தடவி நடந்தார். குளிக்க ஆசைப்பட்டவர் சோப்பைக் கொண்டுவர மறந்துவிட்டாரே என்று நாங்கள் கேலி செய்தோம். பிறகு அவர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் போய், காற்று எப்போது விழும், அந்த இடத்தில் ஆழம் எவ்வளவு, நேவிக்காரர் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று விசாரித்தார். புதிதாகத் தொழில் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாறையில்தான் என் தொப்பி பறந்தது. நான் அழத்தொடங்கினேன். எப்படியும் நீந்திப்போய் எடுத்துத் தருவார் என்று மாமாவைப் பார்த்தேன். அவரோ அசையாமல் நின்று, தொப்பி எவ்வளவு வேகமாகப் போகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு புள்ளியாகி மறைந்த பிறகு அவர் முகத்தில் ஒரு சந்தோசம் தெரிந்தது. என் தொப்பி தொலைந்ததில் இந்த மனிதருக்கு என்ன சந்தோசம் என்று எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. மாமா என் தலையைத் தடவிவிட்டு, "எல்லாத்தையும் ஒருக்கா வடிவாப் பாத்திடுங்கோ பிள்ளையள்" என்றார்.

கடைசியாகப் போனது அரிசிமலை. அங்கே கடற்கரையில் மணல் மணலாக இல்லாமல் அரிசி அரிசியாகக் கிடக்கும். கையில் அள்ளினால் குத்தரிசியா பச்சையரிசியா என்று கேட்கத் தோன்றும். அங்கே இருந்துதான் புட்டைச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் தோழி சட்டியைக் கொண்டுபோய்க் கடல் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாள். உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், பிறகு ஒருநாள் ஆறுதலாகத் தரலாமே என்றேன். எப்போதும் அப்படித்தானே.

"ஏலாது. இண்டைக்கே குடுத்துவிடச் சொன்னவ அம்மா."

அப்படிச் சொல்லிவிட்டுச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குந்தியிருந்து அந்த மணலை அள்ளி, அலசி, கல்லும் சிப்பியும் நீக்கி, சட்டி நிறைய நிரப்பினாள். என் அம்மாவைப்போலவே மேலே தட்டி மட்டப்படுத்தி மூடினாள்.

"வெறுமையாக் குடுக்கக்கூடாதெல்லோ. உங்கட அம்மாட்ட அரிசி எண்டு சொல்லு."

பெரிய மனுசிபோல அவள் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவளும் சிரித்தாள். அந்த நேரம் அவளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் அம்மா மூடியைத் திறந்தார். சோறு போடுகிற சட்டிக்குள் மண். எங்கள் பக்கத்தில் அடுத்தவர் சோற்றில் மண் விழவேண்டும் என்று நினைப்பதைவிடப் பெரிய சாபம் இல்லை. அம்மாவின் முகம் இருண்டு போயிற்று. இது அரிசி என்று நான் சொல்லத் தொடங்கியதுமே என் வாயை அடக்கினார்.

"சாப்பாட்டுச் சட்டிக்குள்ள மண்ணள்ளிப் போட்டு அனுப்பியிருக்கிறா. நான் அவவுக்கு என்ன செய்தனான்?"

முற்றத்துக்குப் போய்ச் செவ்வரத்தை மரத்தடியில் சட்டியைக் கவிழ்த்தார். இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. விடுமுறை என்பதால் பள்ளிக்கூடத்திலும் அவளைப் பார்க்க வழியில்லை. அந்தக் கிழமை ஏழு நாளும் நான் வேலிக்கரையில் நின்று பின் ஒழுங்கையைப் பார்த்தேன். அவளும் ஒருநாள் அந்தப் பக்கம் வந்து நின்றாள். கையை அசைத்தாள். அம்மா உள்ளே இருந்து கூப்பிட்டதால் நான் போய்விட்டேன்.

அடுத்த வாரம் மீன்காரர்தான் செய்தி கொண்டுவந்தார். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறதாம். குடும்பத்தோடு இரவோடிரவாக வள்ளம் ஏறி அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்களாம், குச்சவெளிப் பக்கத்துக் கரையிலிருந்து. அந்த நாட்களில் அப்படிப் போகிறவர்கள் பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லாமல்தான் போவார்கள். ஒரு வாய் தவறினாலும் வள்ளம் பிடிபட்டுவிடும். அவுஸ்திரேலியா என்றதும் எனக்குப் பெருமையாக இருந்தது. போய்ச் சேர்ந்ததும் படம் அனுப்புவாள் என்று நினைத்தேன். அந்த வள்ளத்தைப் பற்றி இன்றுவரை யாருக்கும் ஒரு செய்தியும் இல்லை. கச்சான் அடிக்கிற மாதங்களில் அந்த வேலிக்கரைதான் என் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அம்மா இன்னும் கொஞ்சம் பிந்திக் கூப்பிட்டிருக்கலாம்.

மீன்காரர் போன பிறகு அம்மா மீனைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார். சில்வர் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செவ்வரத்தை மரத்தடியில் குந்தியிருந்து எதையோ பொறுக்கினார். அவருடைய கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. தோடு விழுந்துவிட்டதா என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்க்காமல் "ஓம்" என்றார். அவர் காதில் இரண்டு தோடும் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. நானும் பக்கத்தில் குந்தி, வழியில் இடைஞ்சலாகக் கிடந்த அந்த மணலை இரண்டு கையாலும் வாரி எறிந்து எறிந்து, அம்மாவின் தோட்டைத் தேடினேன்.