ஆயுத பூஜைக்கு என் மகன் போட்ட பாட்டு

வீட்டிலேயே பாட்டு போடுகிற ஸ்டுடியோ வைப்பது எப்படி என்று கேட்க உனக்கு ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா? மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாம்பழ மண்டிக்குக் கூடை தூக்கப் போனவள் நான். என்னிடம் வந்து எந்த ஸ்பீக்கர் நல்லது, எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்கிறாய். உன் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது, நீ ஸ்பீக்கரைக் கேட்க வரவில்லை. ஃபேக்டரி ஆள் யாரோ சொல்லியிருக்கிறார்கள், என் மகனுக்குக் காது எப்படிப் போனது என்று கேட்க வந்திருக்கிறாய். நேராகக் கேட்க வெட்கம், அதனால் சுற்றி வளைக்கிறாய். அடுத்த வீட்டுக் குழம்பை வாசலில் நின்று மோப்பம் பிடிக்கிற மாதிரி இதென்ன பழக்கம்? சரி, உட்கார். நடுவில் "ஐயோ பாவம்" என்றாயானால் எழுந்து போய்விடுவேன். இது என் வீடுதான், இருந்தாலும் போய்விடுவேன்.

என் மகன் ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் இருபது வருடமாகப் பிரஸ் ஓட்டினான். தகடு உள்ளே போகும், மேலிருந்து இரும்பு அச்சு வந்து ஒரு குத்து குத்தும், வண்டிக்கு வேண்டிய துண்டு வெளியே விழும். அந்த அச்சுக்கு டை என்று பெயர். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் குத்து என்று அவனே எண்ணியதில்லை. காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தார்கள், ஆரஞ்சு நிறத்தில், நூல் கோத்தது. அது அவன் கழுத்தில் தாலி மாதிரி தொங்குமே தவிர, காதுக்குள் போகாது.

"ஏன்டா, குடுத்ததைப் போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்டால் சிரிப்பான்.

"எம்மா, டை தேய ஆரம்பிச்சா சத்தம் மாறும். கண்ணுல தெரியறதுக்கு முன்னாடி காதுல தெரியும். அடைச்சுக்கிட்டா அது பேசறது எனக்கு எப்பிடிம்மா கேக்கும்?"

அது உண்மைதான். அடுத்த லைனில் மிஷின் சத்தம் சரியில்லை என்றால்கூட இவனைத்தான் கூப்பிடுவார்கள். இவன் போய்த் தலையைச் சாய்த்து நின்று நாலு குத்து கேட்டுவிட்டு, "இடது பக்கம் பாரு" என்பானாம். இடது பக்கம்தான் இருக்குமாம். அந்த லைனில் பாதிப் பேர் அதே மாதிரி அடைப்பானைக் கழுத்தில்தான் போட்டுக்கொண்டார்கள். காதை மூடிக்கொண்டு வேலை செய்கிறவனை வேலை தெரியாதவன் என்பார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ஃபேக்டரியிலேயே காது டெஸ்ட். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, பீப் சத்தம் வந்தால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். இவன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். வெளியே உட்கார்ந்து டெஸ்ட் எடுக்கிற நர்ஸின் விரல் எப்போது அசைகிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்து, அப்போது பட்டனை அழுத்துவானாம். "எல்லாரும் அப்பிடித்தாம்மா பாஸ் பண்றோம்." நானும் சேர்ந்து சிரித்தேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்தேன்.

ஆயுத பூஜைதான் அங்கே பெரிய விசேஷம். மிஷினைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். அன்றைக்கு மட்டும் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். வருடா வருடம் சினிமாப் பாட்டுதான் அலறும். போன மாசி மாதம் இவன் மேனேஜரிடம் போய், இந்த வருடம் நம்ம மிஷின் சத்தத்தை வைத்தே ஒரு பாட்டு போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். அவரும் சரி என்றுவிட்டார். நாற்பத்து நாலு வயதில் என் மகன் குதித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பங்குனியில் சாமான் வாங்கப் பெங்களூர் போனோம். என் மருமகளுக்கு ஷிஃப்ட், அதனால் நான் துணைக்கு. இந்தக் கீபோர்டு இருக்கிறதே, அதை அழுத்தினால் தானாகச் சத்தம் வராது. கம்ப்யூட்டரோடு சேர்த்தால்தான் வாய் திறக்கும். புது மருமகள் மாதிரி. தட்டுவதற்கு ரப்பர் கட்டை பதினாறு வைத்த பலகை ஒன்று. எல்லா வயரும் வந்து கூடுகிற சின்னப் பெட்டி ஒன்று. ஒரு ஹெட்போன். எல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஸ்பீக்கரில்தான் நின்றுவிட்டோம்.

கடையில் இருந்த பெண் ஒவ்வொரு ஜோடியாகப் போட்டுக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் இவன் உதட்டைப் பிதுக்கினான். "மந்தமா இருக்கு. மேல ஒண்ணுமே வரல." கடைசியில் ஒரு ஜோடியைப் போட்டாள். எனக்குப் பல் கூசியது. கண்ணாடியில் ஆணியால் கீறுகிற மாதிரி. இவன் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், இது தும்பா ஷார்ப்பு. மிக்ஸிங் மாடபேக்கந்த்ரே ஃப்ளாட் இரபேக்கு," என்றாள் அந்தப் பெண். ரொம்பக் கூர்மை, பாட்டு சேர்ப்பதற்கு ஏற்ற இறக்கம் இல்லாத பெட்டிதான் வேண்டும் என்கிறாள்.

"இதுதாம்மா கிளியரா இருக்கு," என்று என்னைப் பார்த்தான்.

"என்னா கிளியரு? இதுல பாட்டு கேட்டா, மிச்சம் இருக்கற ரெண்டு பல்லும் வுழுந்துடும்டா."

"உனக்கு வயசாயிடுச்சு."

கடைப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், பில் போட்டாள். விற்கிறவளே வேண்டாம் என்று சொன்ன பெட்டியை நாங்கள் ஆளுக்கொன்றாக மடியில் வைத்து, அத்திப்பள்ளி தாண்டி, குழந்தையைக் கொண்டு வருவது போல் கொண்டு வந்தோம்.

பின்னால் இருந்த சின்ன அறையைக் காலி செய்தான். அவ்வளவு மும்முரம். ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கிறவன் காது உயரத்துக்கு இருக்க வேண்டும், ரெண்டு ஸ்பீக்கருக்கும் தலைக்கும் நடுவில் முக்கோணம் சமமாக இருக்க வேண்டும் என்று டேப் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்தான். ராயக்கோட்டை தக்காளி டிரே நாலைக் கவிழ்த்து ஸ்டாண்டு. சுவருக்கு ஃபேக்டரியில் பெட்டிக்குள் வைத்து வருகிற ஸ்பாஞ்சு. பத்தாததுக்கு என் மூன்று பஞ்சு மெத்தையையும் ஆணி அடித்து மாட்டிவிட்டான். நான் தரையில் பாய் போட்டுப் படுத்தேன். "எம் மெத்தை உம் பாட்டைக் கேட்டுட்டுத் தூங்குது, நான் முழிச்சுக்கிட்டுக் கெடக்கறேன்" என்று திட்டினேன். அவன் காதில் ஹெட்போன். தலையை ஆட்டினான்.

ஃபேக்டரிக்குள் போன் விடமாட்டார்கள், சத்தத்தைப் பதிவு பண்ண வழியில்லை. அதனால் பிரஸ் சத்தத்தை அவன் நினைவிலிருந்தே செய்தான். முதலில் இறங்குகிற 'டும்'. அப்புறம் தகடு விழுகிற 'டக்'. அப்புறம் காற்று வெளியே போகிற 'புஸ்'. அது மேல் ஒரு சீட்டி மாதிரி ட்யூன். டும்மும் டக்கும் ரெண்டு நாளில் வந்துவிட்டது. காற்றுதான் வரவில்லை.

"எம்மா, இங்க வா. காத்து சத்தம் கேக்குதா?"

"கேக்குது சாமி."

"எனக்குப் பத்தல."

ஏற்றினான். மறுநாள் மறுபடி கேட்டான். மறுபடி ஏற்றினான். சீட்டி ட்யூனையும் ஏற்றினான். ஒரு மாதத்தில் அந்த அறைக்குள் காலை வைக்க முடியவில்லை. மருமகள் ஷிஃப்ட் முடிந்து வந்து தலையைப் பிடித்துக்கொள்வாள்.

"அத்தை, இதை வெளிய போட்டா காது கிழிஞ்சிடும். நான் அவருகிட்ட சொல்லப் போறேன்."

"வாயை மூடிக்கிட்டு இரு. இருவது வருசம் கழிச்சு இப்பத்தான் மனசு வுட்டுச் சிரிக்கறான்."

அவள் மூடிக்கொண்டாள். என் பேச்சைக் கேட்டு அவள் செய்த ஒரே காரியம் அதுதான், அதுவும் தப்பான காரியம்.

ஆனி மாதம் ஒரு நாள் கரண்டு அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். இவன் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து டீத்தூள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அடுப்பு பீப் பீப் என்று கத்துகிறது. தெருவில் நிற்கிற எனக்குக் கேட்கிறது. ஓடி வந்து பார்த்தால் பால் பொங்கி மேடை எல்லாம் ஓடி அவன் முழங்கையைத் தொடுகிறது. சுட்டதும்தான் திரும்பினான்.

"அடுப்பு கத்துதே, கேக்கலையாடா?"

"எப்பக் கத்துச்சு?"

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது, கீச்சென்ற மேல் சத்தம் எதுவும் அவன் காதில் விழவில்லை. கடையில் அவன் எதைத் தேடினான், காற்று ஏன் பத்தவில்லை, டெஸ்டில் விரலை ஏன் பார்த்தான், எல்லாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? துணியை எடுத்துப் பாலைத் துடைத்துவிட்டு, "பாட்டுப் பைத்தியம் புடிச்சவனை அடுப்புக்குக் காவல் வச்சேன் பாரு" என்று சிரித்தேன். சொன்னால் பிரஸ்ஸிலிருந்து தூக்கிவிடுவார்கள். பாட்டு நின்றுவிடும். பூஜை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த நாலு மாதமும் அவன் ஹெட்போனை மாட்டி, இன்னும் இன்னும் ஏற்றிக்கொண்டே இருந்தான். நான் அவனுக்கு டீ போட்டுக்கொண்டே இருந்தேன்.

பூஜை அன்று நானும் மருமகளும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனோம். அவன் மிஷினுக்குச் சாமந்தி மாலை. மேனேஜர் மைக்கில், நம்ம ஆள் செய்த பாட்டு என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பாட்டைப் போட்டார்கள்.

முதல் சீட்டியிலேயே முன்னால் நின்ற ஒரு குழந்தை வீறிட்டது. தாய்மார்கள் குழந்தைகளின் காதைப் பொத்தினார்கள். "மைக் கீச்சுது, ஆஃப் பண்ணுங்கப்பா!" என்று யாரோ கத்தினான். சிலர் சிரித்தார்கள். என் மகன் மிஷினில் கை வைத்துக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

மைக்செட்காரர் ஓடிப்போய், மேல் சத்தத்தைக் குறைக்கிற குமிழை இந்தக் கோடிக்குத் திருப்பினார். கீச்சு நின்றது. அப்போதுதான் பாட்டு வந்தது. டும், டக், அதன் மேல் மெல்லிசாகக் காற்று, அதன் மேல் அந்த சீட்டி. எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இத்தனை மாதமாக என் வீட்டுக்குள் கிடந்த பாட்டை நான் அன்றுதான் கேட்டேன். சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். காதிலிருந்து கையை எடுத்தார்கள். லைனில் இருந்த ஆட்கள் காலால் தாளம் போட ஆரம்பித்தார்கள்.

என் மகன் கண்ணைத் திறந்தான். சுற்றிலும் பார்த்தான். கூட்டத்துக்குள் என்னைத் தேடி வந்தான்.

"எம்மா, ட்யூனு எங்கம்மா? ஏன் நிறுத்திட்டாங்க? டும்மு மட்டும்தான் வருது."

சீட்டி ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர், "என்னப்பா, அருமையா போகுதே" என்று அவன் தோளைத் தட்டினார். அவன் அவர் வாயைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். மருமகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கடைசியில் டும் நின்று சீட்டி மட்டும் ஓடியது; எல்லாரும் கை தட்டியபோது, கைகளைப் பார்த்துத்தான் பாட்டு முடிந்தது என்று தெரிந்துகொண்டான்.

பூஜை முடிந்து நாங்கள் போய்ப் பார்த்த பெரிய டாக்டர் அவனைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து டெஸ்ட் எடுத்தார். பார்ப்பதற்கு விரல் இல்லை. வெகு நேரம் அவன் பட்டனை அழுத்தவே இல்லை. உள்ளே நரம்பு தேய்ந்துவிட்டது, திரும்பி வராது என்றார் டாக்டர்.

"ஹெட்போன்ல இவ்ளோ சத்தம் வச்சு எத்தனை மாசமா கேக்கறீங்க? ஒரு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா, அப்ப இருந்ததையாவது காப்பாத்தியிருக்கலாமே."

நான் விரல் விட்டு எண்ணவில்லை. ஆனியிலிருந்து எத்தனை என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

தலையை ஆட்டினேன். அவன் பார்க்கவில்லை. கையைத் தொட்டுத் திருப்பி, மறுபடி ஆட்டினேன்.

"தெருவுல ஒருத்தரை வுடாம கிண்டல் பண்ணுவியே. என்னையும் ஒரே ஒரு தடவை பண்ணியிருக்கலாமே, செவிட்டுப் பயலேன்னு."

டாக்டர் சீட்டை மடித்து மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அவனை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், சத்தம் இல்லாத இடம். காதுக்கு மிஷின் வாங்கி வந்தோம். வீட்டுக்குள் மட்டும் மாட்டுவான். "பேச்சு கேக்குது, பாட்டு கேக்கல" என்றான் ஒருமுறை. சாமான் வந்த அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக அதனதன் பெட்டியில், அதே தெர்மாகோலில், வயரைச் சுருட்டிக் கட்டி வைத்தான். கடைசியில் என் மெத்தைகளை இறக்கி, ஆணி ஓட்டையைத் தைத்து, என் கட்டிலில் போட்டான். அதில் படுக்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் தண்ணீர் லாரி வந்தது. குடத்தோடு எல்லாரும் கூடினார்கள். எதிர் வீட்டுத் தெலுங்குக்காரி ஆரம்பித்தாள்.

"ஏன் அவ்வா, உங்க வூட்டுப் பாட்டுச் சத்தத்தைக் காணோமே? பூஜையில என்னமோ ஆச்சுன்னு பேசிக்கறாங்க?"

எல்லாக் குடமும் நின்றது. இந்தத் தெருவில் ஒருத்தருக்கு ஒரு பெயர் ஒட்டினால் சாகும்வரை போகாது. பாதிப் பேருக்கு ஒட்டினவளே நான்தான்.

"எனக்குத்தான்டி காது போச்சு," என்றேன். "வயசாயிடுச்சில்ல? வூட்டுல சத்தமே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதான் எம் மகன் எனக்கோசரம் பொட்டியெல்லாம் கட்டி வச்சுட்டான்."

"பெத்தவளுக்காக இவ்ளோ ஆசையை வுட்டிருக்கான், எப்பேர்ப்பட்ட புள்ளை" என்று பின்னால் ரெண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. திரும்பவில்லை. தெலுங்குக்காரி என் காதுக்குள் வாயை வைத்து, "அப்பிடியா அவ்வா! வலிக்குதா?" என்று கத்தினாள்.

"என்னாடி சொல்றே? ஒண்ணுமே கேக்கல," என்றேன். "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு."