நெட்டி வீட்டு உலையில் சிவப்புச் சீட்டு

என்னை ஊரில் பொய்யன் என்பார்கள். ஏரியில் பிடித்த மீன் விஷயத்தில் அது சரிதான். இது மீன் விஷயம் இல்லை. இது நடந்தது. நம்பச் சொல்லிக் கெஞ்சும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

கனடாவில், மனிடோபா மாகாணத்தில் டாஃபின் என் ஊர். ஜனவரி மாதம், வியாழக்கிழமை. வெளியே மைனஸ் முப்பத்துநாலு. வீடுகளைச் சூடாக்கும் கேஸ் உலைகளைச் சோதித்துப் பழுது பார்ப்பது என் தொழில். கடையில் நானும் ஓரெஸ்ட்டும்தான். செவ்வாய்க்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு போன ஓரெஸ்ட், அதன்பின் போனை எடுக்கவில்லை. நான் கவலைப்படவில்லை. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிற பருவத்தில் அவன் மூன்று நாள் காணாமல் போவான். நான்காம் நாள் எனக்கும் இரண்டு மீன் வரும்.

பிற்பகல் 2:35. போன் அடித்தது. நெட்டி பொடோல்ஸ்கி. சர்ச்சில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவள்.

"ஏ வாசில், இந்த வேலையும் ஆரம்பிச்சுட்டியா?"

"எந்த வேலை அக்கா?"

"செவ்வாக்கிழமை உன் ஆளு வந்தான். உலையைப் பாத்தான். கேஸை மூடிட்டு, சிவப்புச் சீட்டைக் கட்டிட்டுப் போயிட்டான். புது உலையை என் தலையில கட்டத்தானே? நான் திறந்து விட்டேன். தானா மூடிக்குது. நாலு தடவை. உள்ள என்னத்தை வச்சுட்டுப் போனான்?"

"வந்து பாக்குறேன்கா."

"பாக்குறது இல்ல, எரிய வைக்கிற. ஆறு மணிக்கு என் மக ஆஸ்பத்திரியில இருந்து வர்றா. பிள்ளை பிறந்து ரெண்டு நாள்தான். இந்தக் குளிர்லயா படுக்க வைப்பேன்?"

3:50-க்குப் போய்ச் சேர்ந்தேன். நெட்டி கோட்டு போட்டுக்கொண்டு சமையலறை விறகடுப்பின் பக்கத்தில் நின்றிருந்தாள். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

"பூட்ஸைக் கழட்டு. அவன்தான் கழட்டாம உள்ள போனான். தரையெல்லாம் பனி. கரையவே இல்ல, தெரியுமா. கூட்டித்தான் அள்ளினேன்."

"குளிர்ல எப்படிக்கா கரையும்?"

"அன்னைக்கு வீடு சூடாத்தான்யா இருந்துச்சு."

பூட்ஸைக் கழற்றினேன். காலுறையோடு நிலவறைக்கு இறங்கினேன். சிமென்ட் தரை. பத்தாவது அடியில் பாதம் மரத்துவிட்டது.

சீட்டு தொங்கியது. ஓரெஸ்ட்டின் கோணல் எழுத்து. 'விரிசல். எரிக்கக் கூடாது.' நேரம், செவ்வாய் பிற்பகல் 2:10.

கம்பியில் பொருத்திய சிறு கண்ணாடியை உலைக்குள் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். விரிசல் இல்லை. கேஸைத் திறந்தேன். 4:12-க்கு உலை பற்றியது. நச்சுப்புகை அளக்கும் கருவி பூஜ்யம் காட்டியது. ஓரெஸ்ட் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பான் என்று சீட்டைக் கழற்றிப் பையில் போட்டேன்.

இரண்டு படி ஏறியிருப்பேன்.

டக்.

சுடர் அணைந்தது. திரும்பிப் பார்த்தேன். கேஸ் குழாயின் பிடி குறுக்கே திரும்பி மூடியிருந்தது. அங்கே யாரும் இல்லை.

மறுபடி திறந்தேன். 4:19.

டக்...

மூன்றாம் தடவை பிடியைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றேன். 4:21. 4:22.

பிடி திரும்பியது... என் கைக்குள்ளேயே... மெதுவாக.

என் கைமேல் எதுவோ இருந்தது.

கனம் இல்லை. குளிர் மட்டும்.

"ஓரெஸ்ட்?"



கையை எடுத்தேன். புறங்கையில் நான்கு வெள்ளைக் கோடுகள். உறைபனி. விரல் அகலம்.

பயந்தேனா என்று கேட்பார்கள். இல்லை. பயப்படுகிற இடமும் மரத்துப்போயிருந்தது. சீட்டை எடுத்து, இருந்த இடத்திலேயே கட்டினேன்.

"எரியுதா?" என்றாள் நெட்டி.

"எரியாது. எரிக்கவும் கூடாது. மகளையும் பிள்ளையையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

"அப்போ நீயும் கூட்டா?"

"திட்டுறதை என் வீட்டுல வந்து திட்டுங்கக்கா. அங்க சூடா இருக்கும்."

வந்தாள். திட்டினாள். பிள்ளை என் சோபாவில் தூங்கியது.

வெள்ளிக்கிழமை போலீஸ் வந்தது. ஏரிச் சாலைப் பள்ளத்தில், பனிக்கு அடியில் ஓரெஸ்ட்டின் வண்டி. செவ்வாய் காலை 11:20-க்கு நின்றதாக வண்டியிலிருந்த கருவி குறித்து வைத்திருந்தது. மோதியவுடனே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அன்று அவன் போகவேண்டிய முதல் வீடு நெட்டியுடையது.

அடுத்த வாரம் அந்த உலையைப் பிரித்துப் போட்டேன். பின்பக்கம், எந்தக் கண்ணாடிக்கும் எட்டாத இடத்தில், ஒரு முழ நீளப் புது விரிசல். நன்றாகச் சூடேறினால்தான் வாய் திறக்கும் ரகம். இன்னும் ஒரு ராத்திரி எரிந்திருந்தால், அதில் கசியும் நச்சுப்புகையில் வீட்டில் யாரும் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள்.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு. முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சோற்றை என் தட்டில் வைத்துவிட்டு நெட்டி கேட்டாள்.

"என் மக விஷயத்தை நீதான் அவன்கிட்ட சொன்னியா?"

"இல்லையே."

"அன்னைக்குக் கீழ இருந்து ஏறி வந்து, 'பிள்ளையை எந்த ரூம்ல படுக்க வைப்பீங்க'ன்னு கேட்டான். அதுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குப்பான்னு சிரிச்சேன்."

பிள்ளை பிறந்தது அன்று இரவு 11:40-க்கு.

"அவன் என்ன சொன்னான்?"

"'இல்ல, வியாழக்கிழமை வந்துரும்'னான். அவ்வளவுதான். போயிட்டான்."