மூணாம் நம்பர்

லிப்ட் மெக்கானிக்குக்குத் தொழிலாளர் சங்கக் கட்டிடத்தில் ‘மூணாம் நம்பர்’ என்று பெயர். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் அங்கே ஒரே ஒரு மேஜையில் போக்கர் நடக்கும். ஒன்பது பேர் உட்காருவார்கள். எல்லோருக்கும் சம அளவு பிளாஸ்டிக் வில்லைகள். வில்லை தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசிவரை நிற்பவருக்கு மிக்ஸி, அவருக்கு முன் எழுந்தவருக்கு இஸ்திரிப் பெட்டி, மூன்றாமவருக்குச் சுவர்க் கடிகாரம். நான்காமவருக்குச் சங்கப் பொருளாளர் கைகொடுப்பார்.

மெக்கானிக் வீட்டில் குளியலறை தவிர எல்லா அறையிலும் சுவர்க் கடிகாரம் இருந்தது. பிறகு குளியலறையிலும் ஒன்று வந்தது.

அங்கே ஆடுவது ‘லிமிட்’ ஆட்டம். ஒரு தடவைக்கு இவ்வளவுதான் வைக்கலாம் என்று அளவு உண்டு. இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளி எதிராளியை மிரட்ட முடியாது. அதனால் ஆரம்பத்தில் யாருக்கும் பயம் இருக்காது. கையில் குப்பையை வைத்துக்கொண்டே, “என்னதான் வருதுன்னு பாப்போமே” என்று ஒட்டிக்கொண்டிருப்பார்கள். மெக்கானிக் நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஆடுவார். மற்ற நேரமெல்லாம் சீட்டைக் கவிழ்த்து அந்தக் கையை விட்டுக்கொடுத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். நான்கு பேர் மிஞ்சும்போது இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் எழும்வரை எதையும் தொடமாட்டார். அதற்குள் இவர் வில்லைகளும் கரைந்திருக்கும். கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

“என்னங்க, ஒரு தடவையாவது அந்த மிக்ஸியக் கொண்டு வரக்கூடாதா?” என்றாள் மனைவி.

“தோக்காம வந்தேன்ல?”

“அப்போ நானே வந்து எடுத்துக்கறேன்.”

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கப் பயந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலை. ஆட்டத்தின் விதிகளை ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டாள். அடுத்த முதல் ஞாயிறு வழக்கமாக ஆடும் பல் டாக்டர் ஒருவர் வராமல் போக, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது கணவருக்கு நேர் வலப்பக்கம், அவருக்கு முன்னால் முடிவு சொல்லும் இடம்.

ஆரம்பத்தில் அவளும் கணவரைப் போலவே சீட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பெருமையாக இருந்தது. பொருளாளரிடம், “நம்ம ட்ரெய்னிங்” என்றார்.

பொருளாளர், டயர் கடைக்காரர், கணவன், மனைவி என்று நால்வர் மிஞ்சினார்கள். சீட்டைப் பார்க்கும் முன்பே முறை வைத்து இருவர் போட வேண்டிய கட்டாயப் பந்தயம் இதற்குள் பலமடங்கு ஏறியிருந்தது. சும்மா இருந்தாலே வில்லை குறையும். எல்லோரையும் விடக் குறைவாக வைத்திருந்தவர் டயர் கடைக்காரர். அவர் போகட்டும் என்று மெக்கானிக் காத்திருந்தார். இவர் போகட்டும் என்று டயர் கடைக்காரரும் காத்திருந்தார்.

“பந்தயத்த ஏத்தறேன்” என்றாள் மனைவி.

மெக்கானிக் கட்டாயப் பந்தயத்தைப் போட்டிருந்தார். கையில் ராஜாவும் பத்தும். யோசித்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தார். மற்ற இருவரும் கவிழ்க்க, நடுவில் கிடந்த பந்தயமெல்லாம் அவளுக்குப் போனது. அடுத்த ஆட்டத்திலும் அவள் ஏற்றினாள். அதற்கடுத்ததிலும். டயர் கடைக்காரர், “தங்கச்சி, உங்களுக்கு மட்டும் எப்படிம்மா நல்ல சீட்டாவே வருது?” என்று கேட்டுக்கொண்டே கவிழ்த்தார். அவள் வில்லைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்கிடம் கடைசியாக ஒரு பந்தயத்துக்கு மட்டும் வில்லை இருந்தது. வந்த சீட்டு ஒன்பதும் ஐந்தும். வேறு வழியில்லாமல் அதோடு இறங்கினார். மனைவியிடம் ஒரு ஜோடி ஆறு இருந்தது. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விழுந்த ஐந்து சீட்டில் ஒன்றுகூட அவருக்கு உதவவில்லை. பொருளாளர் எழுந்து கைகொடுத்தார். மெக்கானிக் அந்தக் கையை வாங்கியது அதுதான் முதல் தடவை. ரொம்ப மென்மையான கை என்று நினைத்துக்கொண்டார்.

நான்காமவராகப் போகும் பயம் தீர்ந்ததும் பொருளாளர் எதற்கும் பயப்படவில்லை, எல்லாப் பந்தயத்துக்கும் ஈடுகொடுத்தார். கடைசியில் அவரிடம் மனைவியின் மிரட்டல் பலிக்கவில்லை. அவளுக்கு இஸ்திரிப் பெட்டி கிடைத்தது.

காரில் மெக்கானிக் கேட்டார்: “நான் ராஜாவும் பத்தும் வச்சிருந்தேன். அப்போ உன்கிட்ட என்ன இருந்துச்சு?”

“ரெண்டும் ஏழும்.”

“அத வச்சா ஏத்தின?”

“சீட்ட வச்சு ஏத்தலைங்க. நீங்க கவுத்துருவீங்கன்னு தெரியும். அதான்.”

கோபமா, வெட்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை. சாப்பிடும்போது, “எல்லாரும் அப்படித்தான் பயந்தாங்களா?” என்று கேட்டார். “நாலாவதா போக யாருக்குங்க ஆசை?” என்றாள் அவள்.

அடுத்த மாதம் அவர் முதல் சீட்டிலிருந்தே ஏற்ற ஆரம்பித்தார். அந்த நேரத்தில் யாருக்கும் பயமில்லை என்பதால் ஏழு பேர் கூடவே வந்தார்கள். டீ ஆறுவதற்குள் முதல் ஆளாக எழுந்தார்.

“ஆரம்பத்துல நீங்க முன்னாடி ஆடின மாதிரியே ஆடுங்க. கடைசியில நான் ஆடற மாதிரி ஆடுங்க” என்றாள் மனைவி. அதைப் பழக அவருக்குச் சில மாதங்கள் ஆயின. சீட்டைக் கவிழ்க்கப் போகும் கையை நடுவழியில் நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

பல் டாக்டர் திரும்பி வராததால் மனைவியும் மாதாமாதம் ஆடினாள். பிறகு ஒரு ஞாயிறு, மேஜையில் கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மாற்றி மாற்றி ஏற்றினார்கள். ஒருவரும் விடுவதாக இல்லை. சாதாரணமான ஒரு ஜோடி ஜாக்கியில் அவர் ஜெயித்தார். மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே காரில் ஏறியதைப் பார்த்த டயர் கடைக்காரர் பொருளாளரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

பொருளாளர் தயங்கித் தயங்கி வந்தார். “தப்பா நெனைக்காதீங்க. ஒரு வீட்டுக்கு ஒருத்தர்னு வச்சுக்கலாமே.”

யார் வருவது என்று முடிவு செய்ய ஆளுக்கொரு சீட்டு எடுத்தார்கள். மனைவிக்கு ராணி. மெக்கானிக்குக்கு நான்கு. அவர் அதைப் பார்த்துவிட்டு, “இத நான் எப்படியும் கவுத்திருப்பேன்” என்றார்.

இப்போது முதல் ஞாயிறு மதியங்களில் அவர் தூங்குகிறார்.