உப்பும் சீனியும் போட்ட கச்சான்

கச்சான், அதாவது நிலக்கடலை, விற்கிறவனிடம் வாங்க வருகிறவர்களைவிட ருசி பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். வீட்டுக் குசினியில் ஏதாவது செய்து விற்றுப் பிழைத்தவர்கள் இதை வாசித்தால், "ஓம், எங்களுக்கும் இப்பிடித்தான்" என்று தலையாட்டுவீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்த காலத்தில், அவர்களுடைய அதிகாரிகள் சாப்பிடும் மண்டபத்தில் எனக்குக் குசினி வேலை. பின்னேரம் அவர்கள் குடிக்க உட்கார்ந்தால், பட்டரில் பொரித்து உப்புத் தூவிய கஜுவை, அதுதான் முந்திரிப் பருப்பை, நான்தான் கொண்டுபோய் வைப்பேன். பிறகு அவர்கள் கப்பலேறிப் போனார்கள். எங்கள் வேலையும் அதோடு போயிற்று. கையில் மிஞ்சியது பொரிக்கிற பழக்கம் மட்டும்தான். கஜு வாங்கிக் கட்டாது என்பதால் கச்சானுக்கு மாறினேன். என் மனைவி பூரணம் ஒருநாள் அதை உப்பு, சீனிப்பாகு, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துப் புரட்டி, பொரித்த கறிவேப்பிலையையும் நொறுக்கிப் போட்டாள். வாயில் போட்டதும் இனிக்கும், பிறகு உப்புக் கரிக்கும், விழுங்கும்போது தொண்டையில் உறைக்கும். அதை வைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தோம். நான் பட்ட பாடும் அதனால்தான்.

வாத்தியார் கண்டுபிடித்த பிழை

முதன்முதலில் உட்துறைமுக வீதியில் கூடையோடு போய் நின்றேன். பென்சன் எடுத்த வாத்தியார் ஒருவர் ஒரு கடதாசிச் சுருள் வாங்கினார். கடலைப் பார்த்தபடி முழுவதையும் தின்றார். கடதாசியின் அடியில் கிடந்த சீனித் துகளையும் விரலால் தொட்டு நக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நான் சீனி போட்டதை மறந்து உப்பையும் போட்டுவிட்டதாகச் சொன்னார். மறதி இல்லை ஐயா, செய்முறையே அதுதான் என்றேன். அவர் சிரித்தார். அடுத்த நாளும் வந்தார், தின்றார், அதையே சொன்னார். அந்தக் கிழமை முழுவதும் இதே கதைதான். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர்கள் கூடையைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

பொறுக்கமுடியாமல் ஒரு மட்டையில் "உப்பும் சீனியும் சேர்த்தது" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கூடையில் குத்தி வைத்தேன். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு அதை இரண்டுதரம் வாசித்தார். என் தோளில் தட்டினார். "பிழையை ஒத்துக்கொண்டு எழுதியே வைச்சிட்டீர். அது நல்ல குணம், தம்பி. ஒரு சுருள் தாரும்."

பேணிக்குள் போன இடமாற்றம்

சங்கக்கடையில் கூப்பனுக்குச் சீனி கிள்ளித் தந்த காலம் ஒன்று இருந்தது. பிள்ளைகளே வெறும் தேத்தண்ணி குடிக்கும்போது கச்சானுக்கு எங்கே போவது? பூரணம் பனங்கட்டியைக் காய்ச்சிப் புரட்டினாள். ருசி என்னவோ திறம்தான். ஆனால் அது மாரிகாலம். சீனன்குடாவில் வேலைசெய்த ஒரு கிளாக்கர் பெரிய தகரப் பேணி நிறையக் கச்சான் கேட்டு வந்தார். பெண்சாதிக்கு ஊரில் பிள்ளை பிறக்கப்போகிறது, இடமாற்றம் கேட்டிருக்கிறார், மேலதிகாரிக்கு இங்கிலீஷ் புதுவருஷத்துக்குக் கொடுக்கவேண்டும் என்றார். நானும் மூடியைச் சுற்றிச் சிவப்பு நாடா எல்லாம் கட்டிக் கொடுத்தேன்.

பேணி அதிகாரி வீட்டு அலுமாரியில் கிடந்து ஈரத்தை நன்றாகக் குடித்திருக்கிறது. விருந்தாளிகள் வந்த அன்று திறந்து கவிழ்த்தால் ஒன்றும் விழவில்லை. தட்டினார்களாம், குலுக்கினார்களாம், கடைசியில் தகரத்தை வெட்டினார்களாம். உள்ளே கச்சான் முழுவதும் பேணியின் வடிவத்திலேயே இறுகி நின்றிருக்கிறது. கிளாக்கர் அதைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தார். சத்தம் போட்டுப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் சொன்னார்: "இந்த அடிக்கல்லை எங்கை நாட்டுறது எண்டு எங்கடை பெரியவர் கேட்டவர், அண்ணை."

கிண்ணியாக் கலியாணம்

அந்தக் காலம் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கரைக்குக் கரை போகிற 'பாதை' என்ற தட்டையான மிதவைதான். அங்கே சுலைஹா உம்மா என்பவர் மகளின் கலியாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கச்சான் பொட்டலங்கள் கேட்டிருந்தார். கலர் கடதாசியில் சுற்றி, பெரிய பனையோலைக் கடகத்தில் அடுக்கி, பாதையில் ஏறினேன். பக்கத்தில் நின்றவர் கடகத்தை மோப்பம் பிடித்து, ருசி பார்க்க ஒன்று தரச் சொன்னார். ஏலாது, இது கலியாணத்துக்கு என்றேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. நாங்கள் இரண்டுபேரும் வாய்த்தர்க்கத்தில் நிற்க, பின்னால் கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து கடகத்துக்குள் தலையை விட்டுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது கலர் கடதாசியோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தது. அரைக் கடகம் காலி.

ஆட்டுக்காரனைப் பிடித்து உலுக்கினேன். அவனும் அதே கலியாண வீட்டுக்குத்தான் ஆடு கொண்டுபோகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. கலியாண வீட்டு வாசலில் நின்று, விருந்தாளிக்கு முன்னால் என் மானம் போகப்போகிறது என்று நினைத்தபடியே நடந்ததைச் சொன்னேன். சுலைஹா உம்மா கடகத்தைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். "ஏன் அண்ணன் பயப்படுறீங்க? கச்சான் ஆட்டுக்குள்ள இரிக்கு, ஆடு நாளைக்குச் சோத்துக்குள்ள இரிக்கும். ஒண்டும் வீணாப் போகல்ல."

மூக்கில் ஒன்று

பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை ராணி ஒரு கச்சானை மூக்குக்குள் தள்ளிவிட்டாள். அவளுடைய தாய், நானே பிடித்துத் தள்ளியதுபோல என்னைத் திட்டிக்கொண்டு பிள்ளையோடு ஓடிவந்தாள். எட்டிப் பார்த்தால் உள்ளே போய்விட்டது தெரிந்தது. பிள்ளையைத் தூக்கிச் சைக்கிள் பாரில் இருத்தி, ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். தாய் பின்னால் அழுதுகொண்டு ஓடிவந்தாள். வழிநெடுக என் மனதில் ஓடியதை எழுத விருப்பமில்லை. ஆஸ்பத்திரி மதிலடிக்குப் போகும்போது மிளகாய்த்தூள் தன் வேலையைக் காட்டியது. பிள்ளை ஒரு தும்மல் தும்மினாள். கச்சான் சைக்கிள் மணியில் பட்டு விழுந்தது. நான் இறங்கி மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கினேன். ராணி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, மற்ற மூக்குக்கும் ஒண்டு தாங்கோ."

பூரணத்தின் கை

பசாரில் புடவைக்கடை வைத்திருந்த முதலாளியின் மனைவி, தீபாவளிக்குக் கொழும்பில் உள்ள சொந்தக்காரருக்கெல்லாம் எங்களுடைய கச்சான் பேணிதான் அனுப்புவா. எங்கள் பிள்ளைகளின் தீபாவளி அந்த ஓடரில்தான் இருந்தது. ஒரு வருஷம், பேணிகள் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, அடுப்பிலிருந்து தாச்சிச் சட்டியை இறக்கிய பூரணத்தின் வலது கையில் கொதித்த பாகு தெறித்துவிட்டது. சீனிப்பாகு தண்ணீர்போல வழிந்து போகாது, தோலைப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுத் திரும்பி வரும்போது, ஓடரை விட்டுவிடுவோம் என்றேன்.

"விடேலாது. நீங்கள் செய்யுங்கோ, நான் சொல்லித்தாறன்" என்று குசினியில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டாள்.

நான் பொரிக்கிறவன்தான். பாகு எப்போதும் அவளுடைய வேலை. முதல் தாச்சி கருகியது. அடுத்ததில் சீனி மணல்மணலாகப் பூத்துப்போயிற்று. "கிண்டுங்கோ, கிண்டாதேங்கோ, நெருப்பை இழுங்கோ, ஐயோ எல்லாத்தையுமே இழுக்கச் சொன்னனான்?" என்று ஒரே சத்தம். எனக்குக் கோபம் வந்து அகப்பையை வீசிவிட்டுத் திரும்பினால், அவள் அழுதுகொண்டிருக்கிறாள். கை எரியுதோ என்று கேட்டேன். "கை கிடக்கட்டும். அவ்வளவு சீனியும் போச்சே" என்றாள். அகப்பையைக் கழுவி எடுத்தேன். பிறகு அவள் சொன்னபடியே கேட்டேன். தோள்மூட்டு கழன்றுவிடும்போல நொந்தது. இவள் இத்தனை வருஷமும் இதைத் தினமும் செய்தாளா என்று நினைத்துக்கொண்டே கிண்டினேன்.

சொன்ன நாளில் பேணிகளைக் கொண்டுபோனோம். முதலாளியின் மனைவி ஒன்றைத் திறந்து வாயில் போட்டு, கண்ணை மூடித் திறந்தா. "இவ்வளவு வருஷத்திலை இந்தமுறைதான் திறம். பூரணத்தின்ரை கை எண்டால் கைதான்!" நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பூரணம் கட்டுப்போட்ட கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்து மறைத்துவிட்டாள்.

"ஓம் அம்மா, இந்தமுறை கொஞ்சம் கவனமாச் செய்தனான்."

இப்படியாக நான் கச்சானை வறுக்க, வீடும் ஊரும் சேர்ந்து என்னை வறுத்தெடுத்ததுதான் என் தொழில் வாழ்க்கை.